காத்துல இருக்கற ஃபார்மிக், அசிட்டிக் ஆசிடை அளக்கறது எப்படிங்க?

எறும்பு கடிச்சா சுருக்குனு ஏறுமே அந்த ஃபார்மிக் ஆசிட், அப்புறம் வினிகர்ல இருக்கற அசிட்டிக் ஆசிட், ரெண்டுமே நம்ம பொள்ளாச்சி தோப்புக் காத்துலயும் வாயுவா சுத்திட்டுத்தான் இருக்குதுங்க. ஆனா அளவு பிபிபி கணக்கு, அதாவது நூறு கோடி மூலக்கூறுக்கு ஒண்ணு ரெண்டு. ஆன்லைன்ல விக்கற ஏர் குவாலிட்டி மானிட்டர் இதுக்கு ஆகாதுங்க. புதுசா ஆரம்பிக்கறவங்க ஃபில்டர்ல புடிச்சு லேப்ல பாக்கறதுதான் நல்லது.

மொதல்ல கரைசல். மெத்தனாலும் டீஅயனைஸ்டு தண்ணியும் (உப்பு அயனியெல்லாம் நீக்குன சுத்தத் தண்ணி) சரிபாதி, அதுல சோடியம் கார்பனேட் 1%, கிளிசரால் 1%. ஃபில்டர் பேப்பரை இதுல முக்கி மூடுன டப்பாக்குள்ள காய வெச்சுக்கோங்க. ஆசிட் வாயு இந்த சோடியம் கார்பனேட்ங்கற காரத்துல (ஆசிடுக்கு எதிரானது) பட்டதும் உப்பாகி அங்கயே ஒட்டிக்கும். மெத்தனால் வெசம், தீயும் புடிக்கும், அதனால ஃபியூம் ஹூட்ல (ஆவிய வெளிய இழுக்கற லேப் கூண்டு) மட்டும் வேலை பாருங்க, கையில கிளவுஸ் இருக்கோணும்.

அடுத்து ஹோல்டர். காத்து உள்ள வர்ற பக்கம் தூசியப் புடிக்க டெஃப்லான் ஃபில்டர், அதுக்குப் பின்னாடி நம்ம கார ஃபில்டர், கடைசியா ரோட்டாமீட்டரும் (காத்து ஓடற வேகத்தைக் காட்டற குழாய்) பம்பும். நிமிசத்துக்கு 2 லிட்டர், 8 மணி நேரம் ஓட்டுனா 960 லிட்டர் ஆச்சு.

இங்கதான் நெறைய பேரு கோட்டை விடறது: ஹோல்டரை வெக்கற பெட்டியோட இடுக்கை அடைக்க சிலிக்கான் பேஸ்ட் போடுவாங்க, வினிகர் வாசம் அடிக்கற டைப்பு காயறப்ப அசிட்டிக் ஆசிடைத்தான் விடும், அப்பறம் நீங்க அளக்கறது காத்தை இல்ல உங்க பெட்டியை. பம்ப் போடாம ஒரு ஃபில்டரை அதே எடத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டாங்க. அதுதான் பிளாங்க், அதாவது காத்தை இழுக்காமயே ஃபில்டர்ல எவ்வளவு ஆசிட் ஒட்டியிருக்குன்னு காட்டறது. பிளாங்க் இல்லாத ரிசல்ட்டை நான் நம்பவே மாட்டேனுங்க.

எடுத்த ஃபில்டரை 10 மில்லி டீஅயனைஸ்டு தண்ணில ஊற வைங்க. பாக்டீரியா இந்த ஆசிட்களைத் தின்னுரும், அதனால துளி குளோரோஃபார்ம் விட்டு ஃப்ரிட்ஜ்ல வைங்க, சீக்கிரம் லேப்ல அயன் குரோமேட்டோகிராஃபில (தண்ணில கரைஞ்ச அயனிகளைத் தனித்தனியாப் பிரிச்சு அளக்கற முறை) குடுங்க. அசிட்டேட் (அசிட்டிக்கோட உப்பு), ஃபார்மேட் (ஃபார்மிக்கோட உப்பு) பீக், அதாவது கிராஃப்ல வர்ற மேடு, ரெண்டும் ஆரம்பத்துலயே பக்கத்து பக்கத்துல வரும், ஸ்டாண்டர்ட் (அளவு தெரிஞ்ச கரைசல்) ஓட்டாம எது எதுன்னு சொல்ல முடியாது.

கணக்கு பாப்பமா? பிளாங்க் கழிச்சு ஃபார்மிக் லிட்டருக்கு 0.18 மி.கி. வந்தா, 10 மில்லில 1.8 மைக்ரோகிராம். 0.96 கன மீட்டரால வகுத்தா 1.88. 25 டிகிரில 1 பிபிபி ஃபார்மிக்னா கன மீட்டருக்கு 1.88 மைக்ரோகிராம், ஆக 1 பிபிபி. அசிட்டிக்குக்கு 2.45ஆல வகுங்க. கார ஃபில்டர்ல பான் (PAN, பெராக்சிஅசிட்டைல் நைட்ரேட்)னு ஒரு வாயுவும் சிக்கி அசிட்டேட்டா மாறும், அதனால அசிட்டிக் கொஞ்சம் கூடவே காட்டலாம்.

ஃபார்மிக் ஓங்கி நின்னா வெயில்ல செடி கொடி ஆவியெல்லாம் மாறி உண்டானது ஜாஸ்தின்னு பொதுவா எடுத்துக்குவாங்க, அசிட்டிக் ஓங்குனா நேரா வந்த புகை. பக்கத்துத் தோட்டத்துல மட்டை எரிச்சாங்களான்னு, திருப்பூர்ப் பக்கம்னா சாயப்பட்டறைல அசிட்டிக் ஆசிட் ஊத்தறதையும் சேத்து, காத்து எந்தப் பக்கம் வீசுச்சுன்னு நோட்டுல எழுதி வைங்க. ஆடிக் காத்து பாலக்காட்டுக் கணவாய் வழியா அடிச்சுத் தள்றப்ப எடுத்ததையும் மார்கழி மூடுபனில எடுத்ததையும் ஒண்ணா வெச்சு சராசரி போட்டறாதீங்க.