பணித்தளத்தில் முதல் வருஷம்: மிஷனரியாகக் கிளம்பப் போகிற தம்பி தங்கைகளுக்கு

பிரதிஷ்டை ஆராதனையில் முழங்காலில் நின்று எழுந்த அன்றைக்கு எல்லாரும் கை கொடுப்பார்கள், சால்வை போடுவார்கள், அம்மா அழுதுகொண்டே முறுக்கு டப்பாவைப் பைக்குள் திணிப்பார். அடுத்த பத்து நாளில் நீங்கள் ஜார்க்கண்டில் ராஜ்மஹல் மலைமேல் ஒரு மண் வீட்டில் உட்கார்ந்து விறகு அடுப்பை ஊதிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கு அங்கே யாரையும் தெரியாது, யாருக்கும் உங்களைத் தெரியாது. அந்த முதல் வருஷத்தை எப்படிக் கடப்பது என்று எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஆறு வருஷம் அந்த மலையில் பஹாடியா என்கிற பழங்குடி மக்கள் நடுவில் இருந்தவன். சாஹிப்கஞ்ச், பாகூர் பக்கத்தை மனதில் வைத்தே சொல்கிறேன், ஆனால் குஜராத்தில் டாங்ஸ் பக்கமோ ஒடிசாவுக்கோ போகிறவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதல் வருஷம் நீங்கள் வாங்குகிற வருஷம். எந்த ஊற்றில் குடிக்கத் தண்ணீர் எடுக்கலாம், மழை பெய்தால் எந்தப் பாதையில் இறங்கக்கூடாது, சந்தைக்கு எந்தக் கிழமை போக வேண்டும், ஒரு வீட்டு வாசலில் எங்கே உட்காரலாம் என்று எல்லாமே அந்த மக்களிடமிருந்துதான் உங்களுக்கு வர வேண்டும். "நான் கொடுக்க வந்தவன்" என்ற நினைப்போடு போனால் மூன்றே மாதத்தில் சோர்ந்துவிடுவீர்கள், ஏனென்றால் கொடுக்க உங்களிடம் மொழி இருக்காது. சின்னப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் கேட்டு வாங்கப் பழகியபோதுதான் எனக்கு ஜெபமே மாறியது. மலைப்பாதையில் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போன எட்டு வயதுப் பையனுக்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அதுவரை அந்த ஊருக்காக நான் பாரத்தோடு ஜெபித்திருக்கிறேன், நன்றி சொன்னதே இல்லை.

சரி, காலையிலிருந்து வருவோம்.

மலை ஊர் நாலு மணிக்கே விழித்துவிடும். பெண்கள் இருட்டிலேயே பானையை எடுத்துக்கொண்டு ஊற்றுக்கு இறங்குவார்கள், ஐந்தரைக்கு அப்புறம் உங்களுக்கு அமைதி கிடைக்காது. மண் வீட்டில் தனி அறை கிடையாது, கதவைச் சாத்தி ஜெபிக்க கதவும் பல இடங்களில் இருக்காது. ஆகவே நாலு மணிக்கு எழுந்திருக்கப் பழகுங்கள், வெளியே ஒரு பாறையோ மரத்தடியோ பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போவதற்கு முன்னால் வீட்டுக்காரரிடம் "நான் காலையில் அந்தப் பாறைக்குப் போய் ஜெபம் செய்வேன்" என்று சொல்லிவிடுங்கள். புது ஆள் ஒருவன் இருட்டில் தனியாக நடமாடினால் ஊரே பயப்படும், அந்தப் பயம் பிறகு சந்தேகமாக மாறும். நான் சொல்லாமல் போய், மூன்றாம் நாள் நாலைந்து பேர் கம்போடு என்னைத் தேடி வந்தார்கள்.

காலைத் தியானத்துக்குத் தமிழ் வேதாகமத்தையே வைத்துக்கொள்ளுங்கள், பெரிய எழுத்துப் பதிப்பாக இருந்தால் நல்லது, மண்ணெண்ணெய் விளக்கிலும் படிக்கலாம். சிலர் மொழிப் பழக்கத்துக்காகத் தனி ஜெபத்தைக்கூட இந்தியில் செய்யப் பார்ப்பார்கள். வேண்டாம். நாள் முழுவதும் அரைகுறை மொழியில் தடுமாறுகிறவனுக்கு, தாய்மொழியில் அழுது ஜெபிக்க ஒரு மணி நேரமாவது வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, ஊழியத்தில் வறண்டுபோன பலரிடம் நான் கண்டது, எனக்கும் இரண்டாம் வருஷத்தில் நடந்தது. சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தேன், இரண்டு வசனம் தாண்டவில்லை, மனசு அதை மூன்று குறிப்புகளாகப் பிரித்து ஞாயிற்றுக்கிழமைச் செய்தியாக்கிவிட்டது. மறுநாளும் அப்படியே. ஆறு மாதமாக வேதம் என்னிடம் பேசவே இல்லை, நான் மற்றவர்களிடம் என்ன பேசலாம் என்றுதான் அதில் தேடிக்கொண்டிருந்தேன். அதற்கு அப்புறம் இரண்டு நோட்டுப் புத்தகம் வைத்தேன். ஒன்று காலைக்கு, அதில் எழுதுகிறதை யாருக்கும் காட்டக்கூடாது, பிரசங்கத்தில் எடுக்கக்கூடாது. இன்னொன்று செய்தித் தயாரிப்புக்கு, அதை மதியத்துக்கு மேல்தான் திறக்க வேண்டும். காலையில் ஆண்டவர் உங்களைக் கண்டித்த வசனத்தை அதே வாரம் சபையில் எடுத்துப் பேசாதீர்கள், ஒரு வருஷமாவது அது உங்களுக்குள் கிடக்கட்டும்.

அதே மாதிரி, பணித்தளத்தில் உங்களுக்குப் பிரசங்கம் செய்ய ஆள் இருக்காது, ஒவ்வொரு ஞாயிறும் நீங்களே நடத்துவீர்கள், உங்களைக் கேள்வி கேட்கிறவர் யாரும் இல்லை. மாதத்தில் ஒரு நாள் பக்கத்துப் பணித்தளத்து அண்ணனிடம் நடந்தாவது போங்கள். அறிக்கை கொடுக்கிற கூட்டமாக அது இருக்கக்கூடாது. "அண்ணே, இந்த மாதம் நான் யாரோடு கோபமாக இருந்தேன், போனில் என்ன பார்த்தேன், பணத்தை எப்படிச் செலவு செய்தேன், எல்லாம் கேளுங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். தனியாக விழுந்த மிஷனரிகளில் பெரும்பாலானவர்கள் விழுவதற்கு ரொம்ப நாள் முன்னாலேயே பேச ஆளில்லாமல் போனவர்கள்.

அடுத்து மொழி. பஹாடியா மக்கள் பேசுகிற மால்தோ நம் தமிழோடு உறவுள்ள ஒரு திராவிட மொழி, இதைப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள், ஆனால் காதால் கேட்கும்போது வருகிற சந்தோஷமே வேறு. நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி ஒருநாள் வாசலில் பயறு புடைத்துக்கொண்டிருந்தார். நான் என் பல்லைத் தொட்டு இதற்கு என்ன பெயர் என்று சைகையில் கேட்டேன். "பலு" என்றார். கண்ணைத் தொட்டேன், "கனு" என்றார், அந்தக் ககரம் தொண்டைக் குழியிலிருந்து வந்தது. நான் "பல், கண்" என்று நம் சொல்லைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார், பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டு என்னை மறுபடி மறுபடி சொல்ல வைத்தார். நான் என்பதற்கு அவர்கள் "ஏன்" என்பார்கள், நம் பழைய "யான்" மாதிரி, நீ என்பதற்கு "நீன்". அன்றைக்கு அந்த வாசலில் நான் அந்நியனாக இருப்பது கொஞ்சம் குறைந்தது.

ஆனால் உறவு மொழி என்று அலட்சியமாக இருக்காதீர்கள், இலக்கணமும் உச்சரிப்பும் நன்றாகவே சோதிக்கும். ஒரு நாளைக்கு ஐந்து வாக்கியம் போதும், அதைத் தமிழ் எழுத்தில் எழுதி, அந்த ஐந்தையே அன்றைக்குச் சந்திக்கிற முப்பது பேரிடம் சொல்லுங்கள். திருத்துகிறவர்களில் பிள்ளைகள்தான் சிறந்தவர்கள், பெரியவர்கள் மரியாதைக்காகத் தப்பை விட்டுவிடுவார்கள். 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகினார், 1711-ல் தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்துவிட்டார். நம் கையில் வேதம் வந்த கதையே அந்த மணலில்தான் தொடங்குகிறது, அதனால் பிள்ளைகளோடு தரையில் உட்கார நீங்களும் தயங்காதீர்கள். தங்கைகளுக்கு ஒரு வசதி உண்டு, ஊற்றுக்குப் பெண்களோடு தண்ணீர் எடுக்கப் போனாலே போதும், ஆறு மாதத்தில் ஆண்களைத் தாண்டிவிடுவீர்கள். இந்தியும் வேண்டும், சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் அரசு அலுவலகத்துக்கும் அதுதான்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடுகு எண்ணெய் வாசனை ஒரு மாதத்தில் பழகிவிடும், சோளமும் பயறும் நல்ல சாப்பாடு, ஊரில் யாராவது கொடுத்தால் மறுக்காமல் சாப்பிடுங்கள். தண்ணீரை மட்டும் கொதிக்க வைத்துக் குடியுங்கள், எவ்வளவு தாகமானாலும்.

உடம்பு விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேசுவேன். ராஜ்மஹல் மலையில் மூளையைத் தாக்குகிற வகை மலேரியா இருக்கிறது. எனக்கு முதல் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது, விசுவாசத்தோடு ஜெபித்தால் போய்விடும் என்று நாலு நாள் படுத்திருந்தேன். ஐந்தாம் நாள் எனக்கு நினைவு தப்பியது. நான் ஊழியம் செய்ய வந்த அந்த ஊர் ஆண்கள் எட்டு பேர் என்னைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து, மாற்றி மாற்றித் தோளில் தூக்கி, மழையில் வழுக்குகிற பாதையில் மூன்று மணி நேரம் இறங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குக் கால் பிசகி இரண்டு வாரம் காட்டுக்குப் போக முடியவில்லை. என் பிடிவாதத்துக்கு அவர் கூலி இழந்தார். காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ரத்தம் பாருங்கள். மற்ற மாநிலங்களில் ஆஷா என்கிற கிராம சுகாதாரப் பணியாளரை ஜார்க்கண்டில் சஹியா என்பார்கள், அவர் விரலில் ஒரு சொட்டு எடுத்துக் கொஞ்ச நேரத்தில் சொல்லிவிடுவார், மருந்தும் அரசு இலவசமாகவே கொடுக்கிறது. மாத்திரையைக் கடைசி நாள் வரை போடுங்கள். காய்ச்சல் இரண்டு வாரம் தாண்டி, வயிற்றில் இடது பக்கம் வீங்கினால் காலா அஸாராக இருக்கலாம், மணல் ஈ கடித்துப் பரவுவது, மண் சுவர் வெடிப்புகளில் அந்த ஈ ஒளிந்திருக்கும். சுவருக்கு மருந்து அடிக்க ஆட்கள் வந்தால் சாமானை வெளியே எடுத்து வைத்து உள் அறை வரை அடிக்க விடுங்கள். கொசுவலை இல்லாமல் ஒரு ராத்திரிகூடப் படுக்காதீர்கள்.

சட்டத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். ஒடிசாவில் 1967-லும், குஜராத்தில் 2003-லும், ஜார்க்கண்டில் 2017-லும் மதமாற்றம் பற்றிய சட்டங்கள் வந்தன. வற்புறுத்தியோ ஆசை காட்டியோ மதம் மாற்றுவது குற்றம், ஜார்க்கண்டில் மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதியும் வேண்டும். உங்கள் ஸ்தாபனம் சொல்கிற நடைமுறையை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுங்கள். சட்டம் இல்லாவிட்டாலும் மனசாட்சி இதைத்தான் சொல்லும். மருந்து கொடுத்தால் மருந்தை மட்டும் கொடுங்கள். "உங்களுக்காக ஜெபிக்கட்டுமா" என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு மாத்திரையைக் கையில் வைத்துவிட்டு வாருங்கள், அடுத்த முறையும் அதே முகத்தோடு போங்கள். 1903-ல் திருநெல்வேலியில் இந்தியன் மிஷனரி சொசைட்டி உருவாகக் காரணமாயிருந்த அசரியா, 1910-ல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டது இதைத்தான்: எங்களுக்கு எவ்வளவோ கொடுத்தீர்கள், நண்பர்களாக வாருங்கள் என்றார். இப்போது நாம் அந்தக் கேள்விக்கு எதிர்ப்பக்கம் நிற்கிறோம், நம்மையும் பஹாடியா மக்கள் அதையே கேட்கலாம்.

மாதாமாதம் தாங்குகிறவர்களுக்கு எழுதுகிற ஜெபக் கடிதம்தான் உங்கள் உண்மையைச் சோதிக்கிற இடம். ஊரில் இருக்கிற பெரியவர்கள் பென்ஷனிலிருந்து எடுத்து அனுப்புகிற பணம் அது, பிடி அரிசி ஒதுக்கி வைத்து விற்றுக் கொடுக்கிற அம்மாமார் இருக்கிறார்கள். அவர்களுக்கு நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்று மனசு துடிக்கும். கூட்டத்துக்கு ஏழு பேர் வந்திருப்பார்கள், அதில் நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்தவர்கள், கையில் பேனா எடுத்ததும் அது "பலர் ஆர்வத்தோடு கேட்டார்கள்" என்று ஆகும். அப்படி எழுதாதீர்கள். ஏழு என்றால் ஏழு என்று எழுதுங்கள். இந்த மாதம் ஒருவரும் வரவில்லை, ஆனால் "தண்ணீர்" என்று சரியாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன் என்று எழுதுங்கள், உண்மையாக ஜெபிக்கிறவர்களுக்கு அதுதான் வேண்டும். கொல்கத்தாவை ஒட்டிய ஹவுராவிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற செராம்பூரில் ஆங்கிலேய மிஷனரி வில்லியம் கேரி முதல் ஞானஸ்நானம் கொடுத்தது 1800 டிசம்பரில், அவர் வங்காளத்துக்கு வந்தது 1793-ல். நடுவில் ஏழு வருஷம். இன்னொன்று, மக்களின் போட்டோவையும் பெயரையும் அவர்களைக் கேட்காமல் கடிதத்திலோ வாட்ஸ்ஆப்பிலோ போடாதீர்கள். அது அவர்களுக்கு ஆபத்தாக முடியலாம், அவர்கள் வறுமையைக் காட்டிக் காணிக்கை கேட்பதும் தப்பு.

போன் சிக்னல் மலையில் ஓரிரு இடத்தில்தான் கிடைக்கும், அதை வரமாக எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வாரம் ஒருமுறை பேசினால் போதும், ஆனால் அந்த நாளைத் தவறவிடாதீர்கள், அப்பா அம்மா காத்திருப்பார்கள்.

முதல் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வராதீர்கள். பாட்டு, கேக், புது உடுப்பு எல்லாம் நினைவுக்கு வந்து அந்த வாரம் தொண்டை அடைக்கும், தெரியும். அந்த வருஷம் மலையில் இருங்கள், குளிரில் அவர்களோடு தீ மூட்டி உட்காருங்கள், தெரிந்த ஐம்பது வார்த்தையில் பெத்லகேம் கதையைச் சொல்லிப் பாருங்கள். விடுமுறையை மே மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். டிக்கெட்டை முன்பதிவு திறக்கிற அன்றைக்கே போட்டுவிடுங்கள், பர்ஹர்வா ஸ்டேஷனிலிருந்து ஹவுரா வரை லூப் லைன் வண்டியில் எப்படியும் வந்துவிடலாம், கோடையில் ஹவுராவிலிருந்து சென்னைக்கு இடம் கிடைப்பதுதான் கஷ்டம்.