வேலூர் வெயிலையும் போர் தண்ணீரையும் தாங்கும் நாலடி மீன் தொட்டி

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத் தொட்டிக்கு 240 லிட்டர் கொள்ளளவு. மணலும் கட்டையும் போக 200 நிற்கும். மொத்த எடை 300 கிலோவைத் தாண்டும் என்பதால் ஸ்டாண்டை ரசமட்டம் பார்த்து, மேலே தெர்மாகோல் விரித்து வையுங்கள்.

மீன் கடைக்குப் போகும் முன் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டுவது) வாங்குங்கள். போர் தண்ணீர் 900 காட்டினால், ஒரு பங்குக்கு இரண்டு பங்கு ஆர்ஓ (50 காட்டுவது) கலக்க 330க்கு இறங்கும். சாஃப்ட்னர் தண்ணீர் ஆகாது; அது சுண்ணாம்பை எடுத்துச் சோடியத்தை விடுகிறது. குழாய்த் தண்ணீர் என்றால் ஆன்டி குளோரின் கட்டாயம்.

2-3 மி.மீ. மணல் சுமார் 50 கிலோ பிடிக்கும். முன்னால் 2 அங்குலம், பின்னால் 3. கையளவு மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள்; நுரைத்தால் சுண்ணாம்புக் கல், வேண்டாம்.

பின்வரிசைக்கு வாலிஸ்னேரியா, கடின நீரில்தான் நன்றாகப் பரவும். நடுவில் அமேசான் ஸ்வார்ட், கிரிப்டோகோரைன். இரண்டும் வேரால் தின்பவை, 3 மாதத்துக்கு ஒருமுறை ரூட் டேப் (வேரடியில் வைக்கும் உர மாத்திரை) செருகவேண்டும். கிரிப்ட் நட்ட வாரத்தில் இலை கரைந்து போகும். பிடுங்கி எறியாதீர்கள், கிழங்கிலிருந்து துளிர்க்கும். அனுபியாஸின் தண்டை மணலில் புதைத்தால் அழுகும், கட்டையில் நூலால் கட்டுங்கள். இந்தச் செடிகளுக்கு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை. லைட் 7 மணி நேரம், டைமரில். அதற்கு மேல் பாசிக்குத்தான் சாப்பாடு.

மீன் கழிவின் அம்மோனியாவையும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டையும் மாற்றும் பாக்டீரியா ஃபில்டரில் ஊற 4-6 வாரம் ஆகும்; அதுவரை மீன் விடாதீர்கள். அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) விட்டு, 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானால் தயார். இங்கே அவசரம் கூடாது: பிஎச் (அமில-கார அளவு) 8ல் அம்மோனியாவின் நஞ்சு 7ல் இருப்பதைவிட ஏறக்குறைய 10 மடங்கு.

மீன்களில் முதலில் 6 ஸ்டெர்பை கோரிடோரஸ். இரண்டு வாரம் கழித்து 8 போசமானி ரெயின்போ, கடைசியாக 4 பேர்ல் கோராமி (ஆண் ஒன்றே போதும்). நியான் டெட்ரா மே மாதத்தைத் தாங்காது. டைகர் பார்ப் கோராமியின் மீசையைக் கடிக்கும். சக்கர் மீன் ஒரு அடி வளர்ந்து செடியைப் பெயர்க்கும். வளர்ந்ததைக் கொண்டுபோய் ஏரியில் விடும் பழக்கம் அதைவிட மோசம்.

வெயில் 40 தாண்டும் நாட்களில் தண்ணீர்மட்டத்தில் காற்று படும்படி ஃபேன் வைத்தால் 2-3 டிகிரி குறையும். ஆவியான அளவை ஆர்ஓ தண்ணீரால் மட்டும் நிரப்புங்கள். போர் தண்ணீர் ஊற்ற ஊற்ற உப்பு சேர்ந்துகொண்டே போகும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, இரவில் செடியும் அதை எடுக்கும். விடியலில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் காரணம் இதுதான். இரவு முழுக்க ஏர் பம்ப் ஓடட்டும். மின்வெட்டுக்கு பேட்டரி பம்ப் ஒன்று கையில் இருக்கவேண்டும். கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டர்) பல மணி நேரம் நின்றுபோனால் உள்ளே தேங்கிய நீரைக் கொட்டி, மீடியாவை (பாக்டீரியா ஊறும் உள்பொருள்) தொட்டி நீரில் அலசிய பிறகே மறுபடி ஓட்டுங்கள்.