போட்டோவை ஓவியமாக்கும் முன்

2016-இல் வந்த பிரிஸ்மா போன்ற செயலிகளில் போட்டோவைப் போட்டால் சட்டென்று ஓவியமாகிவிடும். முகம் மட்டும் சில சமயம் கோணிக்கொள்ளும். தூரத்தில் சின்னதாகத் தெரியும் முகத்தில் கண், மூக்கெல்லாம் தீற்றலில் கரைந்துவிடுவதுதான் காரணம். அதனால் முகம் பெரிதாக, பின்னணி வெறுமையாக உள்ள படத்தைப் போடுங்கள். ஃபில்டர் விழுந்ததும் படத்தின் மேல் விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் அடர்த்தி கூடும், குறையும். எனக்கு 60, 70 சதவீதமே போதும்; முழு நூறு வைத்தால் தூரிகைதான் தெரியும், ஆள் தெரிய மாட்டார்!

அப்புறம், சில செயலிகள் படத்தைத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் மாற்றுகின்றன. அனுமதி கேட்டால் முழு கேலரியையும் திறந்துவிடாமல், தேர்ந்தெடுத்த படங்களை மட்டும் கொடுங்கள். ஐஓஎஸ் 14, ஆண்ட்ராய்டு 14 முதல் இந்த வசதி இருக்கிறது.