நியூயார்க்கா, மெக்ஸிகோ நகரமா? வளவில் ஒரு நகரச் சொல்லரங்கம் நடத்தும் முறை

பொங்கலை ஒட்டி வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வந்து வீடு நிறைந்திருக்கும் வாரங்களில், ‘வட அமெரிக்காவிலேயே சுவாரசியமான பெருநகரம் எது?’ என்று வளவில் (செட்டிநாட்டு வீட்டின் தூண்கள் சூழ்ந்த நடுமுற்றம்) ஒரு பேச்சரங்கம் வைத்தால் கூட்டத்துக்குப் பஞ்சம் இருக்காது. சண்டைக்கும் பஞ்சம் இருக்காது. செட்டிநாட்டில் வீட்டுக்கு ஒருவராவது கடல் தாண்டி இருப்பதால், ‘என் மகன் இருக்கிற ஊர்’ என்பதே பாதிப் பேருக்கு முழு வாதம். அதற்கு இடம் கொடுக்காமல் அரங்கை நடத்துவதுதான் இங்கே உள்ள வேலை.

முதலில் வடிவம். பட்டிமன்றம் இரண்டு அணிக்குத்தான் சரிப்படும். நியூயார்க், மெக்ஸிகோ நகரம், சிகாகோ, டொராண்டோ என்ற நாலு ஊரை இரண்டு அணிக்குள் திணித்தால் ‘அமெரிக்காவா, மற்றதா’ என்று பொருளே மாறிவிடும். ஆளுக்கு ஓர் ஊர், மூன்று சுற்று என்று சுழலும் சொல்லரங்கமாக வையுங்கள். முதல் சுற்றில் ஆளுக்கு 10 நிமிடம், இரண்டாவதில் 5, கடைசியில் மறுப்புக்கு 2. நாலு பேருக்கும் சேர்த்து 68 நிமிடம். நடுவரின் முன்னுரைக்கு 12, தீர்ப்புக்கு 15, மணி அடித்த பிறகும் பேசுகிறவர்களுக்காக ஒரு 10. மாலை ஆறரைக்குத் தொடங்கினால் எட்டேகாலுக்குப் பந்தி. ஐந்தாவது ஊரைச் சேர்க்காதீர்கள். மூன்றாம் சுற்றுக்குள் கூட்டம் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடும்.

அடுத்தது எல்லை. வட அமெரிக்கா என்றால் அமெரிக்காவும் கனடாவும் மட்டும் என்று பாதிக் கூட்டம் நினைத்துக்கொண்டு வரும். மெக்ஸிகோவும் கியூபாவும் அதே கண்டம்தான் என்பதை நடுவர் முன்னுரையிலேயே சொல்லிவிட வேண்டும். ஆறடிக்கு நாலடி ஃபிளெக்ஸில் வரைபடம் அடித்து, விளக்கு நேரே விழாத தூணில் கட்டுங்கள். இல்லாவிட்டால் பளபளப்பில் ஊர் தெரியாது, விளக்குதான் தெரியும்.

‘பெருநகரம்’ என்பதற்கு மாநகர எல்லைக்குள் 10 லட்சம் பேர் என்று கோடு போடுங்கள். அப்போது சான் பிரான்சிஸ்கோவும் பாஸ்டனும் நியூ ஆர்லியன்ஸும் வெளியே போய்விடும். அந்த ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள், அதற்காக இளகக் கூடாது. மாண்ட்ரியாலும் ஹவானாவும் கோட்டுக்குள் வரும். எல்லை விதி இரண்டு பக்கமும் வெட்டும்: நயாகரா அருவி டொராண்டோவில் இல்லை, 100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தியோத்திவாக்கான் பிரமிடுகளும் மெக்ஸிகோ நகரத்துக்கு வெளியேதான். எடிசன் என்ற ஊர் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் இருக்கிறது. எத்தனை மருமகன்கள் அங்கிருந்து தினமும் ரயிலேறி வேலைக்குப் போனாலும் அது நியூயார்க் ஆகாது. ஸ்கார்பரோ 1998-இல் டொராண்டோவோடு சேர்ந்துவிட்டது, அதனால் செல்லும். பக்கத்து ஊர்களான மார்க்கமும் பிராம்ப்டனும் செல்லாது.

சுவாரசியத்தை எதை வைத்து அளப்பது என்று சொல்லாமல் விட்டால் ஒவ்வொருவரும் உயரமான கட்டடத்தையும் ஜனத்தொகையையும் வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். மூன்று கேள்வி போதும். வேறெந்த ஊரிலும் கிடைக்காதது அங்கே என்ன? கையில் காசில்லாதவன் அதில் எதைப் பார்க்கலாம்? பத்து வருடம் குடியிருந்தவனுக்கும் இன்னும் புதிதாக இருப்பது எது? ‘உலகின் சிறந்த நகரங்கள்’ பட்டியல்களைச் சான்றாக எடுக்கக் கூடாது. சொந்தக்காரர்களையும்தான்.

சரக்கு சேர்ப்பதில் ஊருக்கு ஊர் சிக்கல் வேறு. மெக்ஸிகோ நகரத்துக்கு இங்கே வக்காலத்து வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். ஆனால் நாலிலும் வலுவான வழக்கு அதுதான். 2,240 மீட்டர் உயரத்தில், ஏரி இருந்த இடத்தில் நிற்கும் ஊர். அஸ்டெக்குகளின் தெனோச்தித்லான் தலைநகரை 1521-இல் ஸ்பானியர்கள் பிடித்து, அதன் மேலேயே தங்கள் நகரத்தைக் கட்டினார்கள். 1978-இல் மின்வாரிய ஆட்கள் நடு ஊரில் பள்ளம் தோண்டும்போது, மூன்று மீட்டருக்கும் மேல் அகலமான வட்டக்கல் ஒன்று கிடைத்தது. கோயோல்ஷாவ்கி என்ற தெய்வத்தின் உருவம் செதுக்கிய கல். அதைத் தொடர்ந்துபோய்ப் பெரிய கோயிலையே தோண்டி எடுத்தார்கள். மெட்ரோ ரயிலுக்குத் தோண்டியபோது கிடைத்த சின்னக் கோயில் பினோ சுவாரெஸ் நிலையத்துக்குள்ளேயே நிற்கிறது, ரயில் மாறப் போகிறவர்கள் அதைத் தாண்டித்தான் நடக்கிறார்கள். ரயில் டிக்கெட்டுக் காசில் பார்த்துவிடலாம் என்பதால் இரண்டாம் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை. 1969-இல் ஓடத் தொடங்கிய அந்த மெட்ரோவில், எழுத்துத் தெரியாதவரும் இறங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் உண்டு.

இந்த ஊருக்குப் பேசுகிறவர் கடைசிக்கு வைத்துக்கொள்ள வேண்டியது சுதந்திர தேவதைத் தூண். 1910-இல் கட்டியது. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச ஏரிக் களிமண் அமுங்கி ஊர் இறங்கிக்கொண்டே போகிறது. தூணுக்கு ஆழமான அடித்தளம், அதனால் அது நின்ற இடத்தில் நிற்கிறது. தெருதான் கீழே போயிற்று. ஏறிப்போக 14 படிகள் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பு ‘குழாயில் தண்ணீர் வராத ஊர், பூகம்ப ஊர்’ என்று அடிக்கும். 1985, 2017 இரண்டிலும் செப்டம்பர் 19-ஆம் தேதியே பூகம்பம் வந்தது உண்மை. அவர்கள் சொல்லும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். மிளகாயின் பூர்வீகம் மெக்ஸிகோ என்று ஆச்சிமார் பக்கம் திரும்பி ஒரு வரி போட்டால் கைதட்டல் நிச்சயம். ஆனால் அது நாட்டின் பெருமை, நகரத்தின் பெருமை இல்லை. விவரமான நடுவர் தள்ளிவிடுவார்.

சிகாகோவுக்குப் பேசுகிறவர் எழுந்ததும் ‘சகோதரிகளே, சகோதரர்களே’ என்று தொடங்கக் கூடாது. கூட்டத்துக்கு மனப்பாடம். விவேகானந்தரைத் தொடத்தான் வேண்டும் என்றால் இந்தப் பக்கத்திலிருந்து தொடுங்கள்: 1893-இல் அவர் அங்கே போக ஊக்கமும் உதவியும் தந்தவர்களில் ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி ஒருவர், திரும்பிவந்த 1897-இல் பாம்பனில் எதிர்கொண்டு வரவேற்றவரும் அவரே. பேசிய கட்டடம் இன்று சிகாகோ கலைக்கூடம். ஒரு நிமிடத்தில் இதை முடித்துவிட்டு மண்ணுக்கு வாருங்கள். சதுப்பு நிலம், சாக்கடை ஓட வாட்டம் இல்லை. 1850, 60-களில் கட்டடங்களுக்கு அடியில் திருகு ஜாக்கி வைத்து, ஆள்கள் சேர்ந்தாற்போல் திருகி, ஊரையே தூக்கினார்கள். சில கட்டடங்களில் உள்ளே வியாபாரமும் நடந்துகொண்டிருந்தது. பிறகு கழிவு ஆற்றோடு போய், குடிக்கிற மிச்சிகன் ஏரியிலேயே விழுந்ததால், 1900-இல் கால்வாய் வெட்டி ஆற்றின் ஓட்டத்தையே எதிர்ப்பக்கம் திருப்பினார்கள். வீடு கட்டுவதில் நுணுக்கம் தெரிந்த ஊரில் இது எடுபடும். சியர்ஸ் கோபுரத்தை 442 மீட்டருக்குத் தூக்கிய பொறியாளர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லூர் கான் என்பதையும், ஒன்பது சதுரக் குழாய்களை ஒரே கட்டாகச் சேர்த்த அவர் யுக்தியையும் இரண்டாம் சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நியூயார்க்குக்கு இருப்பதிலேயே நல்ல பேச்சாளரைப் போடாதீர்கள். ஊரே பேசிக்கொள்ளும். போடுகிற ஆள் சுதந்திர தேவி சிலையை விட்டுவிட்டு குயீன்ஸ் பகுதி ஒன்றை மட்டும் பிடித்தால் போதும்: நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள், ஃபிளஷிங்கில் 1977-இல் குடமுழுக்குக் கண்ட பிள்ளையார் கோயில், அதன் கேண்டீன் தோசை, நகரத்தில் 1904-இல் தொடங்கி இன்று ராத்திரி முழுக்க ஓடும் சப்வே ரயில்.

டொராண்டோவில் அபாயம் வேறு. 2021 கணக்கெடுப்பில் அங்கே கிட்டத்தட்டப் பாதிப் பேர் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்கள். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கனடா நாடாளுமன்றம் 2016-இல் ஏற்றது. பேச நிறைய உண்டு. ஆனால் ஈழத்திலிருந்து உயிர் பிழைத்துப் போனவர்கள் கட்டிய வாழ்வு அது. எதிர்த்துப் பேசுகிறவர் அதில் நகைச்சுவை தேடினால் நடுவர் உடனே மணி அடிக்க வேண்டும்.

இனி இடம். வளவில் கல்தூணும் ஆத்தங்குடிக் கல்லும் சேர்ந்து குரலை எதிரொலித்துச் சொல்லைக் குழப்பும். தரை முழுக்க ஜமுக்காளம் விரியுங்கள், ஆள் நிறைந்தால் இன்னும் குறையும். முன்னால் இரண்டு பெரிய பாக்ஸ் வைத்து அலறவிடாமல், சின்ன பாக்ஸ் நாலை இரண்டு பக்கத் தாழ்வாரத்திலும் வைத்து சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். எந்த பாக்ஸும் மைக்கைப் பார்த்து நிற்கக் கூடாது, வீல் என்று கத்தும். மைக் செட்டுக்காரர் எக்கோ வைக்காமல் விடமாட்டார். பக்கத்திலேயே ஓர் ஆளை நிறுத்துங்கள். அடுப்படியில் பணியாரச் சட்டி மூன்றாம் சுற்று முடிந்த பிறகே ஏறட்டும். மணம் வந்தால் பேச்சை யாரும் கேட்கமாட்டார்கள்.

கம்பன் கழகம் 1939-இல் தொடங்கிய மண் இது. கேட்டுப் பழகிய காதுகள், சொத்தைத் தீர்ப்பைப் பொறுக்காது. ‘நாலும் நல்ல ஊரே’ என்று முடிக்கும் நடுவரை அழைக்காதீர்கள். கூட்டத்தின் தீர்ப்புக்குப் புளியங்கொட்டை போதும். வாசலில் ஊர்ப்பெயர் ஒட்டிய நாலு தூக்குவாளி; நுழையும்போது ஆளுக்கு ஒரு கொட்டை, பேச்சு முடிந்து பந்திக்குப் போகும்போது இன்னொன்று. மொத்தத்தைப் பார்த்தால் சொந்தக்காரர் அதிகம் உள்ள ஊர்தான் ஜெயிக்கும். அதனால் முன்பைவிட எவ்வளவு கூடியது என்ற கூடுதலைப் பாருங்கள். முன்பு நியூயார்க் 90, டொராண்டோ 60, சிகாகோ 30, மெக்ஸிகோ 20. பிறகு 80, 55, 40, 25 என்றால் வென்றது சிகாகோ. முதல் எண்ணிக்கையைப் பேச்சுத் தொடங்கும் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கி, வாளியைக் காலி செய்துவிடுங்கள். இரண்டும் கலந்தால் பிறகு பிரிக்க வழியில்லை. பேச்சாளர்கள் போடக் கூடாது. கூடுதல் சமமாக வந்தால் நடுவர் ஒரு கொட்டை போடட்டும். அதற்காகவே அவர் தொடக்கத்தில் போடாமல் இருக்க வேண்டும்.