நீண்ட நடைப்பயணத்துக்கு கேமரா வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பாடி (லென்ஸ் இல்லாத கேமரா) 350 கிராம்தான்" என்று மகிழ்ந்து, லென்ஸ் மாற்றக்கூடிய ஒரு மிரர்லெஸ் கேமராவை வாங்கிவிடுவோம். அப்புறம் இரண்டு லென்ஸ், உபரி பேட்டரிகள், சார்ஜர், பை, குட்டி டிரைபாட் எல்லாம் சேரும். மொத்தத்தையும் தராசில் வைத்தால் ஒன்றரை கிலோவைத் தொட்டுவிடும். நாள்கணக்கில் தோளை அழுத்தப்போவது இந்த எண்தான். மாடல்களை ஒப்பிடும்போது இதையே ஒப்பிடுங்கள்.

சிலர் எடைக்குப் பயந்து நேர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். 30 மடங்கு ஜூம் உள்ள சட்டைப்பை கேமரா ஆசை காட்டும். ஆனால் அவற்றில் பெரும்பாலும் இருப்பது சுமார் 6 × 4.5 மி.மீ. சென்சார் (ஒளியைப் படமாக்கும் சில்லு), இன்றைய நல்ல போன்கள் பலவற்றில் அதைவிடப் பெரியது இருக்கிறது. ஜூமை முழுக்க இழுத்தால் லென்ஸுக்குள் வரும் ஒளியும் குறையும். காட்டு நிழலில் படம் கலங்கும். தொலைவிலுள்ள பறவைகள் வேண்டாம் என்றால், போனே போதும் என்பது என் கட்சி.

போனைத் தாண்டி எதையாவது சுமப்பதென்றால் குறைந்தது 1 இன்ச் சென்சாராவது இருக்கட்டும். பெயர்தான் 1 இன்ச். உண்மை அளவு 13.2 × 8.8 மி.மீ. பல மிரர்லெஸ் கேமராக்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி என்ற அளவுச் சென்சாரின் பரப்பு இதைப் போல மூன்று மடங்கு. ரிக்கோ ஜிஆர் 3 என்ற சின்ன கேமரா இந்தப் பெரிய சென்சாரை பேட்டரி, கார்டு உட்பட 257 கிராமுக்குள் அடக்கியிருக்கிறது. ஜூம் கிடையாது, மழையும் தாங்காது. ஒரு சார்ஜுக்குச் சுமார் 200 படம் என்பது நிறுவனம் தரும் கணக்கு.

அந்தப் பேட்டரிக் கணக்கும் மிதமான வெப்பநிலையில் சோதித்துச் சொல்வது. உறைகுளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். உபரியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் தூக்கப்பைக்குள். பவர் பேங்கிலிருந்து நேரடியாக சார்ஜ் ஏறுகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் தனி சார்ஜர் மிச்சம்.

மழை தாங்கும் பாடி வாங்கிவிட்டு சீல் (நீர் புகாத அடைப்பு) இல்லாத லென்ஸைப் பொருத்துவது இன்னொரு வீண்செலவு. தண்ணீர் லென்ஸ் பொருந்தும் வளையமான மவுண்ட் வழியாகவே உள்ளே போய்விடும். நீண்டு சுருங்கும் லென்ஸுக்கோ தூசிதான் எமன். என் பழைய காம்பாக்டில் மணல் புகுந்து, லென்ஸ் பாதி நீண்ட நிலையில் சிக்கிக்கொண்டது. மீதி ஒன்பது நாளும் அது எனக்குச் சும்மா ஒரு கல். ஒரு ஜிப் பை போதுமாக இருந்திருக்கும்.

வாங்கியதும் தண்ணீர், சாப்பாடு எல்லாம் ஏற்றிய பையோடு ஒரு நாள் நடந்து பாருங்கள். கேமராவை எடுக்க ஒவ்வொரு முறையும் பையை இறக்க வேண்டியிருந்தால், மூன்றாவது முறைக்கு மேல் எடுக்கவே மாட்டீர்கள். தோள்பட்டையில் ஒரு கிளிப்போ இடுப்பில் சின்னப் பையோ மாட்டிப் பாருங்கள். குளிர்ப் பிரதேசம் என்றால் கையுறையோடு பட்டன்களையும் அழுத்திப் பாருங்கள்.