மிஸ்டு கால் கொடுத்தால் கேட் திறக்கும்: எங்கள் குடியிருப்பில் செய்த விதம்

சேலம் அழகாபுரத்தில் 18 வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. மோட்டார் வைத்த ஸ்லைடிங் கேட், வீட்டுக்கு 2 ரிமோட். காலி செய்து போனவர்களில் எத்தனை பேர் ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. பொங்கலுக்கு ஊருக்குப் போன வாட்ச்மேன் அண்ணன் ஒரு வாரம் வரவில்லை. விடியற்காலை நாலரைக்குப் பால்காரர் ஹாரன் அடிக்க, தரைத்தளத்தில் இருக்கும் பாவத்துக்கு நான்தான் லுங்கியோடு ஓடினேன். அதன் விளைவுதான் இது.

தேவையான பொருள் ஜிஎஸ்எம் கேட் ஓப்பனர். சிம் போடும் சின்னப் பெட்டி. பட்டியலில் உள்ள எண்ணிலிருந்து அழைத்தால், எடுக்காமலே துண்டித்துவிட்டு உள்ளிருக்கும் ரிலேவை (மோட்டாருக்குச் சைகை கொடுக்கும் ஸ்விட்ச்) ஒரு நொடி தட்டிவிடும். அழைப்பவருக்குக் காசு போகாது. வருவோர் போவோரைப் பதியும் மைகேட் மாதிரியான செயலிகள் 200 வீடு இருந்தால் சரி. 18 வீட்டுக்கு இதுவே தாராளம்.

வாங்கும்போது 4ஜி, வோல்ட்இ (4ஜி வழியாகவே குரல் அழைப்பு) இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்று 2ஜி பெட்டி வாங்கினால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது.

அடுத்து வயரிங். மெயினை அணைத்துவிட்டு, ரிலேயின் காம் (பொது முனை), என்ஓ (தட்டும்போது மட்டும் இணையும் முனை) ஆகியவற்றிலிருந்து 2 வயர்களை மோட்டார் போர்டுக்குக் கொண்டுபோங்கள். அங்கே ‘ஸ்டார்ட்’ என்ற முனையில் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்தேன். முதல் தட்டலுக்குத் திறக்கும், இரண்டாவதுக்கு நிற்கும், மூன்றாவதுக்கு மூடும். பள்ளி நேரத்தில் இரண்டு பேர் அடுத்தடுத்து அழைக்க, கேட் பாதியில் நின்று பள்ளி வேன் ரோட்டிலேயே காத்துக் கிடந்தது. ‘ஓப்பன்’ என்று தனி முனை இருக்கும். அதில் கொடுத்துவிட்டு, மூடுவதை ஆட்டோ குளோஸிடம் (கொஞ்ச நேரத்தில் தானே மூடும் வசதி) விடுங்கள். ஆட்டோ குளோஸ் வைத்தால் போட்டோசெல் (குறுக்கே ஆள் வந்தால் மூடுவதை நிறுத்தும் சென்சார்) கட்டாயம். குழந்தைகள் ஓடும் இடம்.

இப்போது என்னை அரை நாள் உட்கார வைத்த இடம். எல்லா எண்ணையும் எஸ்எம்எஸ் மூலம் பதிந்தேன், ஒருவருக்கும் திறக்கவில்லை. சிம்மைக் கழற்றினேன், மாற்றினேன், ஆன்டெனாவைத் திருகினேன். கடைசியில் பார்த்தால் நான் பதிந்தது 10 இலக்கம். அழைப்பு வருவதோ முன்னால் 91 சேர்ந்து. அந்தப் பெட்டிக்கு இரண்டும் வேறு வேறு ஆள். 91 சேர்த்துப் பதிந்ததும் திறந்தது. அப்புறமும் மாடிவீட்டு அக்காவுக்கு மட்டும் திறக்கவில்லை; இரண்டு சிம் போனில் வேறு சிம்மிலிருந்து அழைத்திருக்கிறார்.

‘யார் அழைத்தாலும் திற’ என்ற அமைப்பையும் மாற்றுங்கள். எங்கள் பெட்டி அப்படித்தான் வந்தது. ஒரு மதியம் ஆளே இல்லாமல் கேட் திறந்துகொண்டது. அழைப்புப் பதிவைப் பார்த்தால், கடன் வேண்டுமா என்று கேட்கும் கம்பெனி எண். பெட்டியோடு வந்த 1234 என்ற கடவுச்சொல்லையும் அன்றே மாற்றினேன்.

எண்களை நோட்டில் வரிசை எண்ணோடு எழுதி வையுங்கள். வீடு காலியானால் அந்த வரிசையை அழித்தால் போதும், ரிமோட்டைத் தேடி அலைய வேண்டாம். வேலைக்கு வரும் அம்மா, பால்காரர் எண்களும் எங்கள் பட்டியலில் உண்டு. விருந்தாளிகளுக்குப் பழைய பதிவேடுதான். ஆதார் நகலெல்லாம் கேட்பதில்லை.

பின்சேர்க்கை: ஏற்காட்டில் வீடு வைத்திருக்கும் வாசகர் ஒருவர் சிக்னல் நிற்கவில்லை என்று எழுதியிருந்தார். பெட்டியை இரும்பு அலமாரிக்குள் வைத்திருக்கிறார். ஆன்டெனாவை மட்டும் வயர் நீட்டி வெளியே வைத்ததும் சரியாகிவிட்டதாம்.

இன்னொன்று: சிம் ரீசார்ஜ் தேதியை இரண்டு பேர் போனிலாவது நினைவூட்டலாகப் போடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று கேட்டைக் கையால் தள்ள, மோட்டாரை விடுவிக்கும் சாவி வேண்டும். முதல் தடவை அதை யார் வீட்டில் வைத்தோம் என்று தேடி ஒரு மணி நேரம் போனது. இப்போது வாட்ச்மேன் அறையில், காலண்டர் ஆணியில் தொங்குகிறது.