'பை'யா, 'டு'வா: ஒரு சொல்லுக்கு 900 டாலர்

மேற்கு மாம்பலத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில், மாலை ஏழு மணிக்கு எனக்கு ஒன்பது மாணவர்கள். எல்லோரும் பி.காம். முடித்தவர்கள், அலுவலகக் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதப் பழகுகிறார்கள். சென்ற வாரம் சின்னதாக ஒரு பயிற்சி கொடுத்தேன். '12,000 ரூபாயாக இருந்த வாடகை 14,000 ரூபாயாக உயர்ந்தது.' இதை ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மூன்று பேர் 'டு' வர வேண்டிய இடத்தில் 'பை' போட்டு, 'இன்கிரீஸ்டு பை 14,000' என்று எழுதியிருந்தார்கள். அப்படியானால் புது வாடகை 26,000. மாம்பலத்தில் அதுவும் நடக்கக்கூடியதுதான். ஆனால் நான் கேட்டது அது இல்லை.

சிவப்பு மையால் சுழித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போயிருக்கலாம். கை நகரவில்லை. 23 வயதில் இதே தவற்றைச் செய்தவன் நான்.

'இன்', 'ஆன்', 'அட்' பற்றி இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. பெட்டியில், மேசையில், வாசலில் என்று மூன்று இடங்களுக்கும் தமிழில் ஒரே 'இல்' போதும் என்பதால் நமக்குத் தடுமாற்றம் வரத்தான் செய்யும். நாலு பக்கம் படித்தால் சரியாகிவிடும். மாற்றி எழுதினாலும் பெரும்பாலும் யார் பணமும் போகாது.

பை, டு

பணம் போகிற இடம் இதுதான்.

ஜார்ஜ் டவுனில், லிங்கிச் செட்டித் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் தோல் ஏற்றுமதி அலுவலகம். கடிதம் எழுதுவது என் வேலை. நாங்கள் அனுப்பியது கைப்பை, நான் மாட்டிக்கொண்டதும் ஒரு 'பை'யில்தான். 2,000 கைப்பைகள், ஒன்று 15 டாலர். ஆக மொத்தம் 30,000 டாலர். "அவருக்கு 3 சதவீதம் தள்ளுபடி கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதை 5 ஆக்கிவிட்டோம் என்று எழுதப்பா" என்றார் முதலாளி. நான் 'டிஸ்கவுண்ட் ஹாஸ் பீன் இன்கிரீஸ்டு பை 5 பர்சென்ட்' என்று எழுதினேன். எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை. முதலாளி படித்துப் பார்த்துக் கையெழுத்தும் போட்டார்.

வாங்குபவர் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார். பணம் வந்தபோது 8 சதவீதம் கழித்திருந்தார். மூன்றோடு ஐந்தைக் கூட்டினால் எட்டு; அவர் மேல் என்ன குற்றம்? கூடுதலாகப் போன 3 சதவீதம், 900 டாலர். மூன்றில் ஐந்து சதவீதம்தான் கூடியது, ஆகவே 3.15 என்று வாதாடவும் அந்த வாக்கியத்தில் இடமுண்டு. தனக்கு லாபமாக வரும் பொருளை விட்டுவிட்டு எந்த வியாபாரி அந்தக் கணக்குக்குப் போவார்?

முதலாளி கத்தவில்லை. கடிதத்தின் நகலை எடுத்து, அந்த இரண்டு எழுத்தைப் பென்சிலால் வட்டமிட்டு, என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிவிட்டுப் போனார். அந்த வேலையை விடும்வரை அது அங்கேயே இருந்தது. காபி டம்ளரை எப்போதும் அதன் மேல்தான் வைப்பேன்.

இன்றைக்கும் இந்தத் தவற்றைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. காரணம், இது தவறு மாதிரியே தெரியாது. கணினி இதன் அடியில் சிவப்புக் கோடு போடாது. வாக்கியம் சரியாக இருக்கும், கணக்குத்தான் உதைக்கும்.

கோளாறு பள்ளியில் தொடங்குகிறது. 'கடிதம் ராமனால் எழுதப்பட்டது' என்ற வாக்கியத்தை வைத்து, 'பை' என்றால் 'ஆல்' என்று படித்தோம். 'டு' என்றால் 'கு'. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வாடகைக் கணக்கை எழுத முடியாது. '2,000 ரூபாய் உயர்ந்தது' என்கிறோம். அதில் 'ஆல்' எங்கே இருக்கிறது? தொகை எந்த ஒட்டும் இல்லாமல் மொட்டையாக நிற்கிறது. '14,000 ரூபாயாக உயர்ந்தது' என்னும்போதுதான் 'ஆக' வருகிறது. மொட்டையாக நின்றால் 'பை', 'ஆக' வந்தால் 'டு'. ஏறிய அளவுக்கு 'பை', போய்ச் சேர்ந்த இடத்துக்கு 'டு'. குறைவதற்கும் இதே கணக்கு.

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது மற்ற வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் கடனுக்கான வட்டியை, குறைத்த செய்தியை இதற்காகவே வகுப்பில் எழுதிப் போடுவேன். 6.50 சதவீதத்தில் இருந்தது. 'பை' 25 அடிப்படைப் புள்ளிகள் (நூறு புள்ளி சேர்ந்தால் ஒரு சதவீதம்), 'டு' 6.25 சதவீதம். இரண்டும் ஒரே வரியில் வருவதால் குழப்பத்துக்கு வழியில்லை. இரண்டையும் சேர்த்து எழுதத் தயக்கமாக இருந்தால், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் எழுதிவிடுங்கள்: 'ஃப்ரம் 3 பர்சென்ட் டு 5 பர்சென்ட்'. நான் அந்தக் கடிதத்துக்குப் பிறகு ஒருநாளும் வேறு மாதிரி எழுதியதில்லை.

சின்ஸ், ஃபார்

'2019 முதல்' என்றால் 'சின்ஸ்'. 'ஐந்து வருடமாக' என்றால் 'ஃபார்'.

டிஸ்கஸ் அபௌட்

'அபௌட்' வேண்டாம்.

பஸ்ஸில், காரில்

எழுந்து நடமாட இடமுள்ள வண்டி என்றால் 'ஆன்': பஸ், ரயில், விமானம். குனிந்து ஏறி உட்கார்ந்தே போக வேண்டியது என்றால் 'இன்': கார், ஆட்டோ. மாலை ஆறு மணிக்கு மாம்பலத்தில் நிற்கும் மின்சார ரயிலில் காலை ஊன்றவும் இடமிருக்காது, ஆனாலும் 'ஆன்'தான். கால் போட்டு ஏறுகிற சைக்கிளுக்கும் பைக்குக்கும் 'ஆன்'.

வித்தின் ஃப்ரைடே

இது முழுக்க முழுக்க நம் ஊர்ச் சரக்கு. 'வெள்ளிக்கிழமைக்குள்', 'மூன்று நாளுக்குள்' என்று இரண்டுக்கும் நாம் 'க்குள்' போடுகிறோம். ஆங்கிலம் பிரித்துப் பார்க்கிறது. மூன்று நாள் என்பது நீளமுள்ள காலம். அதற்குள்ளே என்றால் 'வித்தின்'. வெள்ளிக்கிழமை என்பது கெடு, அதற்கு 'பை'. 'டில் ஃப்ரைடே' என்று எழுதினால் வெள்ளிக்கிழமை வரை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருப்பீர்கள் என்று பொருள். 'இன் த்ரீ டேஸ்' போன் செய்கிறேன் என்றால், மூன்று நாள் கழித்துத்தான் உங்கள் போன் வரும் என்று எதிரில் இருப்பவர் எடுத்துக்கொள்வார்.

இவ்வளவும் சொல்லி வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். அந்த மூவரில் ஒருவனிடமிருந்து செய்தி: 'சார், வில் சப்மிட் வித்தின் மண்டே.' பதிலுக்கு 'பை' என்று இரண்டே எழுத்துத் தட்டி அனுப்பினேன்.

'பை சார், குட் நைட்' என்று உடனே பதில் வந்தது.